ஃபினிஷிங் வேண்டாம், விரல்தடம் இருக்கட்டும்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து என் மண் சிலைகளைப் பார்க்கிறவர்கள் தவறாமல் சொல்வது இதுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஃபினிஷிங் பத்தலை." சொந்தக்காரர்கள் சொல்வார்கள், கண்காட்சிக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், மதிப்பெண் போடுகிறவர்களும் சொல்வார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதுக்குள் கிடந்தது. இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாயி இறந்து மூன்று வருடம் ஆகிறது. என்னை வளர்த்தவர் அவர்தான். காரியம் முடிந்து விடுதிக்குத் திரும்பிய பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. மண்ணைப் பிசைந்து அவர் முகத்தைச் செய்ய ஆரம்பித்தேன். ஆதார் அட்டைக்கு எடுத்த போட்டோதான் இருந்தது. மூக்குத்தித் துளை, தோட்டின் கனத்தில் இழுபட்ட காது, மேலுதட்டுச் சுருக்கம் எல்லாம் வந்துவிட்டது. பார்த்தவர்கள் "அச்சு அசல்" என்றார்கள். எனக்கு மட்டும் அந்த முகத்தோடு ஒட்டவே இல்லை. போட்டோவில் இருந்தவரைத்தான் செய்திருந்தேன்.

ஒரு மத்தியானம் கண்ணை மூடி உட்கார்ந்து, எனக்குள் அப்பாயி எப்படித்தான் இருக்கிறார் என்று பார்த்தேன். முதுகு. பள்ளிக்கூடம் விட்டுக் கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தால், வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும் அவருடைய முதுகுதான் முதலில் தெரியும். எலும்பு மணிமணியாகத் துருத்திய, ரவிக்கை போடாத முதுகு. இடது தோள் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும்.

அன்று ராத்திரியே முகத்தைப் பிசைந்து உருண்டையாக்கிவிட்டு, அதே மண்ணில் முதுகைத் தொடங்கினேன். சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி ஒட்டினேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு குழி. சில இடத்தில் மெதுவாக, சில இடத்தில் நகம் இறங்குகிற அளவுக்கு. அவர் படுக்கையில் கிடந்தபோது தேர்வைச் சாக்காக வைத்து நான் ஊருக்குப் போகவில்லை. அந்தக் கோபம் முழுக்க இடது தோளில் போய் இறங்கியது. அதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் முதல்முறையாக அழுதேன்.

மதிப்பீட்டுக்கு வைத்தபோது அதே பேச்சு வந்தது. "கரடுமுரடா இருக்கு, ஈர ஸ்பாஞ்ச் போட்டு இழுத்துடு." சரி என்று இழுத்தேன். கால்மணி நேரம்தான் ஆனது. குழிகள் எல்லாம் மூடிக்கொண்டன. மிச்சம் இருந்தது வழுவழுவென்று ஒரு கிழவியின் முதுகு. அது யாருடைய பாட்டியாகவும் இருக்கலாம்.

கல்லிலும் மரத்திலும் கைக்கும் பொருளுக்கும் நடுவே உளி இருக்கிறது. மண்ணில் நடுவே எதுவும் கிடையாது. கை நடுங்கினால் நடுக்கம் பதியும், தயங்கினால் தயக்கம் பதியும். அழவைக்க முகத்தில் கண்ணீர்த் துளி செய்து ஒட்ட வேண்டியதில்லை. எவ்வளவு அழுத்தினோம், எங்கே கையை எடுத்துக்கொண்டோம் என்பதிலேயே அது இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு "இதில் உணர்ச்சி எங்கே?" என்று கேட்பது என்ன நியாயம்?

மெரினாவில் உழைப்பாளர் சிலையை எத்தனையோ முறை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959ல் அங்கே வைத்தார்கள். வெண்கலத்தில் வார்த்தது. ஒருநாள் இறங்கிப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாறையைப் புரட்டும் அந்த நான்கு பேரின் பாரத்தை முகத்தை விட முதுகும் தொடையும்தான் சொல்கின்றன. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி 1938ல் சாந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றைச் செய்தார். சிமெண்டும் செம்மண் சரளையும் கலந்து அப்பிய சிலை. கூடை சுமந்து நடக்கும் அந்த ஏழைக் குடும்பத்தைப் பளபளப்பாகத் தேய்த்திருந்தால் அவர்கள் நடந்து வந்த மண் அவர்கள் மேல் ஒட்டியிருக்குமா?

இன்னும் பின்னால் போனால் புறநானூற்றின் 256ஆம் பாடல் இருக்கிறது. கணவனை இழந்தவள் குயவரிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டே வந்த சிறு வெண்பல்லி போல அவனோடு காடெல்லாம் கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி அவனைப் புதைக்கும் தாழியை அகலமாக வனைந்து தாருங்கள் என்கிறாள். அவளுடைய துக்கத்துக்கு ஒரு அளவு இருக்கிறது, அந்த அளவை மண்ணில் கேட்கிறாள். துக்கத்தை மண்ணிடம் கொண்டுபோவது இங்கே புதுப் பழக்கம் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொட்டித் தீர்த்துவிட்டால் சிலை ஆகிவிடாது. இதை நான் ஒரு சூளையில் கற்றுக்கொண்டேன்.

விரல்தடங்களோடு முதுகை இரண்டாவது முறை செய்தேன். நல்ல ஐப்பசி மழை. சுட்டு எடுத்துவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. ஒன்பதாம் நாளே சூளையில் வைத்துவிட்டேன். தோள்பக்கம் நான்கு விரல் கனம், உள்ளே குடையவும் இல்லை. வெளியே வெளுத்துக் காய்ந்த மாதிரி இருந்ததே தவிர உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடித்துவிட்டது. மறுநாள் திறந்தபோது இடது தோள் சூளை முழுக்கச் சில்லுச் சில்லாகச் சிதறிக் கிடந்தது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்யும் வேளார் தாத்தாவிடம் ஒரு சில்லைக் காட்டினேன். உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "மண்ணு பச்சையா இருந்திருக்கு ஆயி" என்றார். பிறகு தன் வேலையைக் காட்டினார். கண்மாய் மண்ணில் மணலும் உமியும் போட்டு மிதிக்கிறார். அப்படிக் கலந்தால் மண் சுருங்குவது குறையும், உள் ஈரம் வெளியே வர வழி கிடைக்கும். குதிரைக் கால்களை உள்ளே வெறும் குழாயாக வைத்து, மண்ணைச் சுற்றிச் சுற்றி உயர்த்துகிறார். கொஞ்சம் உயர்ந்ததும் நிறுத்திவிடுகிறார். கால் இறுகிப் பாரம் தாங்குகிற வரைக்கும் வயிற்றைத் தொடுவதில்லை. காற்றடித்தால் ஈரச்சாக்கைப் போர்த்திவிடுகிறார். அத்தனைக்கும் நடுவில் குதிரையின் கழுத்தில் அவர் பெருவிரல் இழுத்த கோடு அப்படியே இருக்கிறது. அதை அவர் துடைக்கவில்லை.

மூன்றாவது முதுகை அங்கேயே அவர் மண்ணில் செய்தேன். குடைந்து, நிழலில் ஒரு மாதத்துக்கு மேல் காயவைத்தேன். தினமும் துணியை எடுத்துப் பார்ப்பேன். முதல் வாரம் இருந்த கோபம் மூன்றாம் வாரத்தில் என்னிடம் இல்லை, ஆனால் தோளில் இருந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்ற கலைஞர் இருந்தார். 1914 அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் போர்க்களத்தில் இறந்தான். அவனுக்காக நினைவுச் சிலை செய்யத் தொடங்கினார். முதலில் யோசித்ததில் மகனின் உடலும் இருந்தது. அதைக் கைவிட்டார், மறுபடி எடுத்தார். 1932ல் பெல்ஜியத்தில் அவன் புதைக்கப்பட்ட இடத்தில் வைத்தபோது, மண்டியிட்ட தாயும் தகப்பனும் மட்டும்தான் இருந்தார்கள். மகன் இல்லை. 18 வருடம். அந்தத் தகப்பன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

"சின்ன வயசு, என்ன உணர்ச்சியைக் கண்டுட்ட? அனுபவம் வரட்டும்" என்பார்கள். இருபது வயதில் மனதில் சரக்கு இல்லாமல் இல்லை. சாவு, பிரிவு, அவமானம், ஆசை எல்லாம் எங்கள் வயதிலும் முழுசாகத்தான் வருகின்றன. எங்களிடம் இல்லாதது காத்திருக்கும் பழக்கம். அதைச் சொல்லிக்கொடுங்கள். உடற்கூறு சொல்லிக்கொடுங்கள், அது தெரியாமல் இறங்கிய தோளைச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். மண் கலக்கவும் குடையவும் சூளை அடுக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஸ்பாஞ்சை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது முதுகு இப்போது எங்கள் வாசல்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவுக்கு வந்தபோதும் அழாத என் அப்பா, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொள்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவரைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். நின்ற கோலம். கால்கள் வரைக்கும் வந்திருக்கிறது. ஈரச்சாக்கு போர்த்தி வைத்திருக்கிறேன். அது இறுகின பிறகுதான் மேலே ஏற்ற முடியும்.