சுருளைப் படிச்சது மெஷினாம், சரி

ஒருத்தர் ஏஐ பத்திப் பேசற கிளிப்பை ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல அனுப்பிட்டே இருக்கீங்க. பார்த்துட்டேங்க. "ரெண்டாயிரம் வருஷத்து சுருளையே ஏஐ படிச்சிடுச்சு, இனி யுனிவர்சிட்டில இந்த வரலாறு, செத்த மொழி, தொல்லியல் இதுக்கெல்லாம் எதுக்கு சார் டிபார்ட்மென்ட்"னு அதுல பேசறவர் கேட்கறார். கேட்டுட்டுப் போகட்டும், தெரியாததை அடிச்சுப் பேசறதுதான் அவர் தொழிலே. ஆனா எதிர்ல உட்கார்ந்திருந்தவர் ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

சரி, அந்த சுருளையே எடுத்துக்குவோம். கி.பி. 79ல இத்தாலில வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப ஹெர்குலேனியம்ங்கற ஊர்ல ஒரு மாளிகையோட நூலகமே கரிஞ்சு போச்சு. அங்க இருந்த சுருள்களை 1750கள்ல தோண்டி எடுத்தாங்க, பார்க்க அடுப்புக்கரித் துண்டு மாதிரி இருக்கும், பிரிச்சா பொடியாயிடும். பியாஜ்ஜியோன்னு ஒரு பாதிரியார் பட்டு நூல்ல கட்டித் தொங்கவிட்டு, இம்மி இம்மியா பிரிக்கறதுக்குன்னே ஒரு கருவி செஞ்சார். அப்படிப் பிரிச்சதை எல்லாம் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல கிரேக்கம் படிச்சவங்க உட்கார்ந்து எழுத்து எழுத்தா படிச்சதாலதான், அதுல நிறைய ஃபிலோடீமஸ்ங்கற தத்துவவாதி எழுதினதுன்னே உலகத்துக்குத் தெரியும்.

இப்ப ஏஐ கதை. கென்டக்கி யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் பல வருஷமா சுருளைப் பிரிக்காமலே ஸ்கேன் பண்ணிப் படிக்கற வழியைத் தேடிட்டு இருந்தவர். 2023ல வெசுவியஸ் சேலஞ்ச்னு போட்டி வச்சாங்க, அக்டோபர்ல முதல் சொல் கிடைச்சுது, 2024 பிப்ரவரில 15 பத்தி, 2000 எழுத்துக்கு மேல, 7 லட்சம் டாலர் பரிசு. பிரமாதமான சாதனை, நானே அன்னைக்கு ராத்திரி தூங்காம படிச்சேன். ஆனா அந்த மாடல் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஸ்கேனை சின்னச் சின்ன சதுரமா பார்த்து "இங்க மை இருக்கு, இங்க இல்ல"ன்னு சொல்லுச்சு. அவ்ளோதான். அதுக்கு கிரேக்கம் ஒரு எழுத்துகூட தெரியாது. அந்த மங்கலான கறுப்புத் திட்டுகளைப் பார்த்து இது என்ன எழுத்து, இது என்ன சொல், இன்பத்தைப் பத்தி ஏதோ வாதம் போகுதே, இது யார் நடைன்னு சொன்னது நேபிள்ஸ் யுனிவர்சிட்டி ஃபெடெரிகா நிகோலார்டியும் அவங்க கூட இருந்த பாப்பிரஸ் (அந்தக் காலத்து நாணல் தாள்) அறிஞர்களும். அதாவது எதுக்கு இருக்குன்னு கேட்டீங்களே, அதே டிபார்ட்மென்ட் ஆளுங்க.

திரும்பவும் சொல்றேன், மை இருக்கற இடத்தைக் காட்டினது மெஷின், படிச்சது மனுஷங்க.

"முதல் சொல்லைப் பிடிச்ச லூக் ஃபாரிட்டர் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்தானே அக்கா"ன்னு ஒரு தம்பி போன பதிவுலயே கேட்டிருந்தார். ஆமா தம்பி. அதுக்கு முன்னாடி மணிக்கணக்கா வெறும் கண்ணால ஸ்கேனை முறைச்சுப் பார்த்து, மை காய்ஞ்ச இடத்துல வெடிப்பு வெடிப்பா ஒரு தடம் இருக்குன்னு சொன்ன கேஸி ஹேண்ட்மரும் மொழி படிச்சவர் இல்ல. இன்ஜினியருங்க வரக்கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? வாங்க, தாராளமா வாங்க. வந்துட்டு வீட்டுக்காரனை வெளிய போகச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.

மெஷின் எவ்ளோ, மனுஷன் எவ்ளோன்னு இன்னொருத்தர் நம்பர் கேட்டார். நம்பரும் இருக்குங்க. கூகுளோட ஏஐ கம்பெனி டீப்மைண்ட் செஞ்ச இதாகா மாடல், 2022ல நேச்சர் அறிவியல் இதழ்ல வந்துச்சு. சிதைஞ்ச கிரேக்கக் கல்வெட்டுல விட்டுப்போன எழுத்தை நிரப்பற வேலை. வரலாற்றாளர் தனியா செஞ்சா சரியா வந்தது 25%, மாடல் தனியா செஞ்சா 62%, மாடலைக் கையில வச்சுக்கிட்டு வரலாற்றாளர் செஞ்சா 72%. "பாத்தீங்களா, 25ஐ விட 62 பெரிசு"ன்னு குதிக்கறவங்களுக்கு: அந்த மாடல் எதைப் படிச்சு வளர்ந்துச்சு? தலைமுறை தலைமுறையா கல்வெட்டைத் தடவிப் பார்த்துப் படிச்சுப் பதிப்பிச்சு வச்சாங்களே, அதைத்தான். எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களுக்கே எதுக்கு சோறுன்னா எப்படி?

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேட்கறவங்களுக்காக இதையும் சொல்லிடறேன். நான் கொஞ்ச காலம் பழைய சரக்குக் கப்பல் பதிவேடுகளை டிஜிட்டல் ஆக்கற ஒரு ப்ராஜெக்ட்ல இருந்தேன். அதுல ஒரு குமாஸ்தா, அவசரக்காரன், அவன் எழுதற 1ம் 7ம் ஒண்ணாவே இருக்கும். 11 பீப்பாயா, 17 பீப்பாயா? எங்களுக்கு ஒரே வழி, பக்கத்துக்கு அடியில அவன் போட்ட கூட்டுத்தொகை. மேல இருந்து கூட்டிட்டு வந்து, உதைச்சா 1ஐ 7ஆக்கி மறுபடி கூட்டணும். சில பக்கத்துல அவனே கூட்டல்ல தப்பு பண்ணியிருப்பான், அப்ப அடுத்த துறைமுகத்துல இறக்கின கணக்கைத் தேடிப் போகணும். இப்படி நாங்க சரிபார்த்த பக்கங்களை வச்சுத்தான் கையெழுத்து படிக்கற சாஃப்ட்வேருக்குப் பாடம் எடுத்தாங்க. வெளியீட்டு விழால ஸ்க்ரீன்ல என்ன போட்டாங்க தெரியுமா, "முழுக்கத் தானியங்கி முறையில்". நாங்க எல்லாம் பின்வரிசைல உட்கார்ந்து கைதட்டிக்கிட்டு இருக்கோம்.

இது புதுசும் இல்ல. ஆலிஸ் கோபர்னு ஒரு அம்மா, லீனியர் பிங்கற, யாராலயும் படிக்க முடியாம இருந்த பழைய கிரேக்க நாட்டு எழுத்தை உடைக்கறதுக்காக கிடைச்ச காகிதத்தை எல்லாம் வெட்டி ஒரு லட்சத்து 80 ஆயிரம் அட்டை போட்டு, சிகரெட் அட்டைப்பெட்டில அடுக்கி வச்சாங்க. 1950ல செத்துப்போனாங்க. அவங்க போட்ட அடித்தளத்துல நின்னு 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ் அதை உடைச்சார். வென்ட்ரிஸ் மேதைதான், சந்தேகமே இல்ல, ஆனா கோபர் பேரை இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டவங்க எத்தனை பேர், கையைத் தூக்குங்க பார்ப்போம்.

2025ல பாபிலோன் துதிப்பாடல் வந்துச்சே, மியூனிக் யுனிவர்சிட்டியும் பாக்தாத் யுனிவர்சிட்டியும் சேர்ந்து, 250 வரி, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க எழுதிப் பழகின பாட்டு. ஏஐ உதவியோட அதே பாட்டோட இன்னும் 30 பிரதியைப் பொருத்திட்டாங்கன்னு நியூஸ். உண்மைதான். ஆனா எதோட எதைப் பொருத்துச்சு? பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்த ஜார்ஜ் ஸ்மித் காலத்துல இருந்து களிமண் பலகையைப் பார்த்து நோட்டுல கையால எழுதி வச்சுட்டுப் போனாங்களே, அந்த நோட்டெல்லாம் சேர்ந்த டேட்டாபேஸ் அது. ஸ்மித் 1876லயே போய்ச் சேர்ந்துட்டார், அவருக்கு டேக் பண்ண முடியாது.

"கூகுள்ல தற்செயலா மாயா நகரம் கிடைச்சுது"ன்னு 2024ல ஓடின தலைப்பும் இதே ரகம்தான். டுலேன் யுனிவர்சிட்டி பிஎச்டி மாணவர் லூக் ஆல்ட்-தாமஸ் தேடல்ல 16வது பக்கம் வரைக்கும் போயிருக்கார். நம்மள்ல யார் ரெண்டாம் பக்கம் போறோம்? 2013ல காட்டுச் சூழலைக் கண்காணிக்க எடுத்த, தரையோட மேடு பள்ளத்தைக் காட்டற லேசர் ஸ்கேன் டேட்டா அது, சும்மா கிடந்துச்சு, எத்தனையோ பேர் கண்ணுல பட்டிருக்கும். அதுல 6,764 கட்டுமானம் இருக்குன்னு தெரியணும்னா மேடு எது கோயில் எதுன்னு தெரிஞ்ச கண்ணு வேணும். தற்செயலாம்!

"அதெல்லாம் சரி, இதனால மக்களுக்கு என்ன பிரயோஜனம், வரிப்பணம்"னு ஒரு கோஷ்டி வரும். வாங்க. கிரிக்கெட்டால என்ன பிரயோஜனம்னு சொல்லிட்டு உள்ள வாங்க, பேசுவோம்.

"உங்க ஆளுங்க எழுதற கட்டுரை யாருக்கும் புரியறதில்ல"ங்கறதுல நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா புரியலன்னு எவனும் இயற்பியல் டிபார்ட்மென்டை மூடச் சொன்னதில்லயே? எங்களைத்தானே மூடறாங்க. இங்கிலாந்துல ஷெஃபீல்டு யுனிவர்சிட்டி தொல்லியல் துறைக்கு உலகம் முழுக்கப் பேரு, 2021ல மூடறதுன்னு முடிவு பண்ணாங்க. கையெழுத்து வேட்டை, கண்டனக் கடிதம், எல்லாம் நடந்துச்சு. மூடிட்டாங்க.

என் ஃப்ரெண்ட் ஒருத்தி, பேர் வேண்டாம், பழைய மொழி ரெண்டுல கரை கண்டவ. அவ துறையையும் "மறுசீரமைப்பு"ன்னு சொல்லி இழுத்து மூடினாங்க, இப்ப ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளெய்ம் ஃபாரம் சரிபார்க்கறா. போன மாசம் ஒரு டெக் கம்பெனில இருந்து அவளுக்கு மெயில். பழைய கையெழுத்துப் பிரதிப் படங்கள்ல எழுத்தை அடையாளம் போட்டுத் தரணும், மாடலுக்குப் பயிற்சி கொடுக்கவாம், மணிக்கணக்குல கூலி, ஒப்பந்தத்துல அவ பேரு எங்கயும் வராதுன்னு தனியா ஒரு ஷரத்து. துறை வேண்டாமாம், துறைல படிச்ச மூளை மட்டும் வேணுமாம், அதுவும் பேரில்லாம. கையெழுத்துப் போடாதடின்னு கத்தினேன். "அப்ப இந்த மாச வாடகையை நீ கட்டு"ன்னா. போட்டுட்டா.