பதினேழு வயசுப் புள்ள ரோபோ சொல்லிக் குடுத்தா என்ன தப்பு?

18 வயசு ஆகாத புள்ள பள்ளி ரோபோட்டிக்ஸ் டீமுக்குச் சொல்லிக் குடுக்கலாமா கூடாதான்னு வாட்ஸ்அப் குரூப்புல நடக்குற சண்ட ஓயற மாதிரி தெரியல, அங்க நாலு வரிக்கு மேல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, அதான் இங்க வந்துட்டேன்.

மலேசியாவுல, பேராக் மாநிலத்துல எங்க சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி ரோபோட்டிக்ஸ் டீமுக்கு ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்குறா. இடைநிலைப்பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரத்துல ஆரம்பிச்சது. அதே பள்ளியில ஆறாம் ஆண்டு வரைக்கும் படிச்சவ, அப்பவே போட்டிக்கெல்லாம் போனவ, அம்மா செம்பனைத் தோட்டத்துல வேல. சம்பளம் கிடையாது, மிஞ்சிப்போனா ஒரு மைலோ. போட்டிக்குப் பேர் குடுக்கப் போனா கோச்சுக்கு 18 வயசு ஆகலன்னு ஃபாரத்தத் திருப்பிட்டாங்க. சரின்னு ஒரு டீச்சர் பேரப் போட்டாச்சு, ஆனா போட்டி அன்னிக்கு அந்தப் பொண்ண மண்டபத்துக்குள்ளயே விடல, வெளிய ஜன்னல் பக்கம் பேரன்ட்ஸ் கூட நிக்க வச்சுட்டாங்க.

விதி தப்புன்னு நான் சொல்ல வரல. பள்ளிப் புள்ளைங்களுக்கான உலக ரோபோ போட்டி வேர்ல்டு ரோபோட் ஒலிம்பியாட் 2004ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சது, 2012ல நம்ம கோலாலம்பூர்லயே நடந்துச்சு, அதோட உலகப் போட்டியில கோச்சுக்குக் குறைஞ்சது 18 ஆகியிருக்கணும். நியாயந்தானே? சின்னப் பிரிவுல 8 வயசுலேர்ந்து 12 வரைக்கும் உள்ள புள்ளைங்க, வெளியூருக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போறோம், ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல ஒரு பெரியவங்க வேணும்ல. ஆனா அது பொறுப்பு ஏத்துக்கறவங்களுக்கான வயசு. அதுக்குக் கீழ உள்ளவங்க பள்ளியில உக்காந்து ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது, பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு அதுல எங்கங்க இருக்கு? இதெல்லாம் நம்ம ஆளுங்க நீட்டி வச்சது.

விதியில உண்மையிலேயே கறாரா இருக்க வேண்டிய இடம் வேற. ரோபோவையும் ப்ரோக்ராமையும் புள்ளைங்கதான் செஞ்சிருக்கணும், கோச்சு கை வைக்கக் கூடாது. அங்க யாரும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க. காசு வாங்கிட்டு வர்ற சில ட்ரெய்னருங்க ரெடியா ப்ரோக்ராம லேப்டாப்புல போட்டுக் குடுத்துட்டுப் போறதும், புள்ளைங்க அத அப்படியே ஒப்பிக்கறதும் தெரியாத மாதிரி நடிக்கிறோம். அவங்களுக்கு நாப்பது வயசு, ஃபாரம் சரியா இருக்கு!

அந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கறத நான் ஒரு நாள் உக்காந்து பாத்தேன். ரோபோ காலையில நல்லா திரும்புச்சு, மத்தியானம் அதே ப்ரோக்ராம்ல பாதி தூரம் திரும்பி நின்னுடுச்சு. அவளுக்குப் பாத்தவுடனே தெரிஞ்சுருச்சு, மொகத்துலயே தெரியுது, ரெண்டு கையயும் தொடைக்கடியில வச்சு உக்காந்துக்கிட்டா. பசங்க சக்கரத்தக் கழட்டி மாட்டறாங்க, ரோபோ ஓடுற பாய தட்டி விடறாங்க, ஒருத்தன் அடுத்தவன குத்தம் சொல்றான். அவ கேட்டது ஒரே கேள்வி, "காலையிலேர்ந்து இப்ப வரைக்கும் எது மாறியிருக்கு?" கடைசியா அஞ்சாம் ஆண்டுப் பொண்ணு ஒருத்தி "அக்கா, பேட்டரி!"ன்னு கத்துச்சு. மோட்டாரு இத்தன செகண்டு ஓடணும்னு எழுதியிருந்தாங்க, பேட்டரி எறங்க எறங்க அதே செகண்டுல கம்மியாத்தான சுத்தும். செகண்ட எடுத்துட்டு சக்கரம் இத்தன டிகிரி சுத்தணும்னு மாத்துனதும் சரியாயிடுச்சு. நானா இருந்தா ரெண்டு நிமிஷத்துல கைய நீட்டியிருப்பேன்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கல. போன வருஷம் வரைக்கும் போட்டியில நின்ன பசங்களுக்குத்தான் கை ரொம்ப அரிக்கும், இன்னும் தன்னோட ரோபோன்னே நெனப்பு இருக்கும். அதனாலதான் அமெரிக்காவுல டீன் கேமன் 1989ல ஆரம்பிச்ச ஃபர்ஸ்ட் (FIRST)ங்கற ரோபோ போட்டி அமைப்போட பெரிய பிரிவுல கோட்ட வேற எடத்துல போட்டிருக்காங்க. பள்ளிக்கூடத்த முடிச்சவங்க ரோபோவ ஓட்ட முடியாது, மாணவர்தான் ஓட்டணும். ஆனா பக்கத்துல நின்னு வழிகாட்டுற ட்ரைவ் கோச்சு மாணவராவும் இருக்கலாம், பெரியவராவும் இருக்கலாம். வயசு என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி உன் வேல என்னன்னு கேக்குறாங்க, எனக்கு அது புடிச்சிருக்கு.

நம்ம ஊருல பண்ணக்கூடியது பெருசா ஒண்ணும் இல்ல. கோச்சு டீச்சர்தான், கையெழுத்து அவங்களுது. அதுக்குக் கீழ ஃபாரத்துல துணை வழிகாட்டின்னு இன்னொரு எடம் விடுங்க, 16, 17 வயசுப் புள்ளைங்க பேரு அதுல வரட்டும், பெரியவங்க இல்லாத நேரத்துல கிளாஸ் நடத்தக் கூடாது, அதே போட்டியில அவங்களே கலந்துக்கறவங்களா இருந்தா வழிகாட்டியா நிக்கக் கூடாது. நடுவருங்களும் ஃபாரத்த விட்டுட்டு புள்ளைங்கள ரெண்டு கேள்வி கேளுங்க, "இந்த நம்பர் ஏன் 40, ஏன் 50 போடல?"ன்னு கேட்டா யாரு எழுதுன ப்ரோக்ராம்னு தெரிஞ்சிரும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்கறவங்க அடுத்த தடவ விளக்கக் கூட்டத்துக்குப் போறப்ப இத எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும்.

பட்டணத்துல 25 வயசு இன்ஜினியர் வீட்டுப் பக்கத்துலயே கெடைப்பான். தோட்டத்துப் பக்கம் 18 ஆனதும் புள்ளைங்க பொலிடெக்னிக், மெட்ரிக்குலேஷன் காலேஜுன்னு கெளம்பிடுது, இல்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடுது. ஃபாரத்துக்குத் தகுதி வர்ற வருஷம்தான் ஊர விட்டுப் போற வருஷம். இந்தப் பொண்ணுக்கு நவம்பர்ல 18 ஆகுது, அதுக்குள்ள காலேஜு தொறந்துரும். அவளுக்கு அப்புறம் சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கறது ஒரே ஒரு பையன், இந்த வருஷம்தான் எஸ்.பி.எம்., அவன் பொறந்தது டிசம்பர் கடைசியில.