ஸ்பிரிங்கை வெட்டினால் மஸ்டாங் ஷெல்பி ஆகிவிடாது

"1965, 66 ஃபோர்டு மஸ்டாங்கில் முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் போதும், ரேஸ் டிராக்கில் ஷெல்பி ஜிடி350 மாதிரியே வளையும்" என்று ஒரு பார்வர்டு சுற்றுகிறது. தவறு.

ஷெல்பி ஜிடி350 என்பது மஸ்டாங்கை ரேஸுக்கு ஏற்ப மாற்றி ஷெல்பி நிறுவனம் தயாரித்த கார். 1965 ஷெல்பியில் செய்த வேலையே வேறு. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்மைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே புதுத் துளை போட்டு ஆர்மையே இறக்கினார்கள். ஃபோர்டு பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங்கின் யோசனை அது. அதனால்தான் வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயரின் மேல்முனை வெளியே சாய்வது குறைந்து டயர் தரையில் நன்றாகப் படிகிறது. ஸ்பிரிங்கை வெட்டினால் துளை பழைய இடத்தில்தானே இருக்கும்? கார் தாழும், ஸ்பிரிங் கொஞ்சம் இறுகும், சரி, ஆனால் சக்கரம் மேலேறும் இடம் குறைந்து பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் இடிக்கும், அப்புறம் கேஸ் டார்ச்சால் வெட்டியிருந்தால் சூட்டில் அந்த எஃகின் பதமும் போய்விடும்.

சந்தேகமென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கால் சக்கரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்தி, சக்கரத்தின் சாய்வைக் காட்டும் கேம்பர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். வேகமாகப் போகும்போது உயிர் போகக்கூடிய விஷயம் இது, தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.