பெட்டியில் அச்சிடாத தூரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் புரொஜெக்டர் விற்பவர்கள், அதைத் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் மாட்ட வேண்டும் என்பதை வாங்குமுன் சொல்லாதது எனக்குக் கடும் எரிச்சலைத் தருகிறது. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள அகலத்திரை (16:9) ஏறத்தாழ 221 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. வீச்சு விகிதம், அதாவது தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வரும் எண், 1.5 என்றால் லென்சுக்கும் திரைக்கும் இடையே 3.3 மீட்டர் வேண்டும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாழும் மலிவு விலை வீடுகளின் கூடத்தில் நாற்காலி, அலமாரி போக அவ்வளவு நேர்க்கோட்டு இடம் எளிதில் கிடைப்பதில்லை. “கீஸ்டோனில் சரிசெய்துகொள்ளலாம், அண்ணே” என்கிறார் கடைக்காரத் தம்பி. ஆனால் புரொஜெக்டரிலுள்ள அந்த வசதி படத்தின் கோணலை மட்டுமே நிமிர்த்தும், பிக்சல்களை வீணாக்கிப் படத்தின் கூர்மையைக் குறைக்கும், தூரத்தைக் கூட்டித் தராது. சீலிங் இன்னும் மோசம்: மெல்லிய பலகையில் திருகாணி நிற்காது என்பதால், மேலுள்ள மரச்சட்டத்தைத் தேடித்தான் தாங்கியைப் பொருத்த வேண்டும், அதற்கேற்ற நீளமான திருகாணியைக்கூட அந்தப் பெட்டியில் வைப்பதில்லை.