பாரிமுனையில் இருந்த ஊர்

பழைய மதராஸ் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் பழகியிருக்கும். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி உயரமாக ஒரு கலங்கரை விளக்கம், அதைச் சுற்றி வெட்டவெளி. 1844-இல் விளக்கேற்றிய அந்தத் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. படம் எடுத்த காலத்தில் நீதிமன்றக் கட்டடம் கிடையாது. அது 1892-இல்தான் திறக்கப்பட்டது. இந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள் "எவ்வளவு காலியா, எவ்வளவு அழகா இருந்திருக்கு நம்ம ஊர்!" என்று ஏக்கத்தோடு எழுதுவார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெட்டவெளி எப்படி வந்தது என்று புரிந்தது ஒரு வரைபடத்தைப் பார்த்த பிறகுதான். தாமஸ் பிட் என்ற ஆளுநர் அளக்கச் சொல்லி 1710 வாக்கில் வெளிவந்த வரைபடம் அது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, அதன் மதிலை ஒட்டினாற்போல், இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற பக்கம் ஒரு ஊரே இருக்கிறது. நெருக்கமான தெருக்கள், சந்தை, நடுவில் பெரிய கோயில். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். துணி வியாபாரிகளும், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷிகளும் குடும்பம் நடத்திய பட்டணம். இதே பிட் காலத்தில், 1707-இல், யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாருடைய கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதிக் கூட்டணிகளுக்குள் மூண்ட சண்டையில் பட்டணமே இரண்டுபட்டது. தெரு என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அந்தத் தெருக்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கையில் வைத்திருந்த மூன்று வருஷத்தில், மதிலுக்குப் பக்கத்திலிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது, இடிப்பு நிற்கவில்லை. எதிரி வீடுகளின் மறைவில் வந்து சுடுவான் என்பது அவர்களுடைய பயம். 1757-இல் கோயிலையும் இடித்தார்கள். 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை முடிந்த பிறகு மிச்சமிருந்ததும் போனது. இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்களும் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில், பாரி கட்டடத்தின் ஓரமாக நிற்கிறது. சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முனையைக் கடந்து எத்தனையோ தடவை பூக்கடைக்குப் போயிருக்கிறேன். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

கோயில் மட்டும் பிழைத்தது, வேறு இடத்தில். 1640-களின் ஆவணங்களிலேயே பேசப்படும் சென்னகேசவப் பெருமாள் கோயில் அது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பெரும்பணம் போட, 1762-இல் தொடங்கி பூக்கடைப் பக்கம் மறுபடி எழுப்பினார்கள். பக்கத்திலேயே சென்னமல்லீசுவரர். இன்றும் இந்த இரட்டைக் கோயிலைப் பட்டணம் கோயில் என்று சொல்கிறவர்கள் உண்டு. பெருமாளுக்கு மாற்று மனை கிடைத்த கதை எழுத்தில் இருக்கிறது. சந்தையில் கீரை விற்றவள் அன்றைக்கு ராத்திரி எங்கே போய்ப் படுத்தாள் என்பது எதிலும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இன்னொரு விஷயம். உயர் நீதிமன்றத்தின் எல்லா வாசல்களையும் வருஷத்துக்கு ஒரு நாள் பூட்டுகிறார்கள். உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போகிற பொதுமக்கள், 'இது எங்கள் வழி' என்று நாளைக்கு உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. நீண்ட கால வழக்கம் இது, சட்டப்படி நியாயமும்தான். ஆனால் அந்த மண்ணில் ஒரு காலத்தில் தெருவே இருந்தது, ஜனங்கள் நடந்த பொதுவழி இருந்தது என்று தெரிந்த பிறகு அந்தச் செய்தியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பழைய படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு பழைய வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள். புகைப்படக் கருவி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அந்தத் தெருக்கள் போய்விட்டன. அவற்றைக் காட்ட எந்தப் படமும் இல்லை, இந்த மாதிரி வரைபடங்கள்தான் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 'அழகான காலி இடம்' யார் யாருடைய வீடு என்று தெரியும். பகிரும்போது எந்த வருஷம், யார் எடுத்தது, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும் எழுதுங்கள். தயவுசெய்து. 'ஓல்ட் மெட்ராஸ்' என்று மட்டும் போட்டால் அந்தப் படத்தை வைத்து யாரும் ஒரு தெருவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் தெருவில் சாலையை அகலப்படுத்த வீடுகளுக்குக் குறி போட்டிருந்தால், இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாசலையும் கதவு எண் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்குப் பட்டணம் கோயில் வாசலில் இருப்பேன், பிட் வரைபடத்தின் பிரதியோடு. அங்கிருந்து எல்லைத் தூண் வரை நடந்து, அப்புறம் நீதிமன்ற மதிலை ஒட்டிக் கோட்டை வரைக்கும். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அத்தனை பிரதி எடுத்து வருகிறேன்.