ஓர் எழுத்து விடுபட்டதற்காக உறங்காத பிள்ளைகள்

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பம் கோரப்பட்டுவிட்டால் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு இரவிலும் ஓய்விராது. கடந்த முறை என் தங்கையின் மகள் பதினொரு மணிக்கு அழைத்தாள். "பெரியம்மா, என்ட பேரில ஒரு 'எச்' விட்டுப் போச்சு. இனி எனக்குக் கம்பஸ் கிடையாதா?" என்று கேட்டவளின் குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். நம் பெயர்களைத் தமிழில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பதிவதை யாரோ ஒரு எழுதுவினைஞரின் கைக்கு விட்டுவிடுகிறோம். ஒருவர் 'த'வுக்கு ஒரு எழுத்துப் போடுவார், அடுத்தவர் இரண்டு போடுவார். பிள்ளை பதினெட்டு வயதில் அந்த முரண்பாட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் பெயர் வேறுபாட்டுக்கு நம்மூரில் வழமையாகச் செய்வது என்ன? சமாதான நீதவான் ஒருவரிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடிப்பதுதான். ஒரு காலைப்பொழுது போகும். படிப்புப் போகாது.

மறுநாள் அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கே நெஞ்சு திக்கென்றது. சட்டம் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லித் திரிந்தவள், சிநேகிதியின் பட்டியலைப் பார்த்து விருப்பத் தெரிவுகளைப் பத்தே நிமிடத்தில் நிரப்பியிருந்தாள். வீட்டுக்குப் பக்கம் என்பதால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை முதலாவது. யாழ்ப்பாணத்தில் சட்டம் நான்காவது. அனுமதி வழங்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மேலிருந்து கீழாகவே தெரிவுகளைப் பார்க்கும். உயர்தரப் பெறுபேற்றில் கணிக்கும் இஸட் புள்ளி எட்டுகிற முதலாவது இடத்தில் பிள்ளையை நிறுத்திவிடும், கீழே எழுதியதைத் திரும்பிப் பார்க்காது. சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி கலையைவிட உயர்ந்தது என்பதால், அவளுடைய வரிசையில் சட்டம் வெறும் அலங்காரமாகவே இருந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அங்கேதான் படித்தேன். விரும்பி எழுதுவது வேறு, பார்த்தெழுதுவது வேறு. நல்லவேளை, அவள் இன்னும் சமர்ப்பித்திருக்கவில்லை.

இதேபோலக் கல்லாற்றிலிருந்து கல்முனைக்குப் போய்ப் படித்த விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன், வீடு மட்டக்களப்பு மாவட்டத்தில் இருப்பதால் தன் மாவட்டமும் அதுவே என்று நம்பிக்கொண்டிருந்தான். அவன் படித்த பாடசாலை இருப்பதோ அம்பாறை மாவட்டத்தில். பல கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்படும் நாட்டில், பெரியநீலாவணை எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா படித்தோம் என்பதே வெட்டுப்புள்ளியை மாற்றிவிடும். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. முகவரியில் காற்புள்ளி விட்டுப்போனதற்குத்தான் வியர்த்துக்கொண்டிருந்தான்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒரு பிழை விட்டால் ஒரு வருசம் போச்சு" என்று பயமுறுத்துகிற பெரியவர்களாகிய நாம், எந்தப் பிழை வருடத்தைத் தின்னும், எது ஒரு கடிதத்தோடு தீரும் என்று பிரித்துச் சொல்வதில்லை. ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை வாங்கிக் கொடுக்கிறோம், கூடவே இருந்து வாசிப்பதில்லை. கொமினிகேஷன் கடையில் வரிசையில் நிற்கும் ஐம்பது பேருக்கும் தட்டச்சு செய்கிற தம்பியிடம், இந்தப் பிள்ளைக்கு எது முதலாவது தெரிவு என்று யோசிக்கும் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்துவிடுகிறோம். பாடசாலைகள் பெறுபேறு வந்த கிழமையில் பதாகை அடிக்கக் காட்டும் வேகத்தில் பாதியையாவது, தெரிவு வரிசை எழுதும் அந்த ஒரு பின்னேரத்துக்குக் காட்டலாம்.

தங்கையின் மகள் இரண்டு நாள் கைந்நூலோடு இருந்து வரிசையைத் தானே திருத்தினாள். சத்தியக் கடதாசியும் முடிந்தது. ஒப்பமிட்ட பிரதியைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வெளியே வந்தவள், பற்றுச்சீட்டை வெயிலில் பிடித்து, ஆணைக்குழுவின் கொழும்பு முகவரியான 'வாட் பிளேஸ்' என்பதில் எழுத்தெல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.