பொன்னாடைக்கு நன்றி, இனி வேண்டாம்

சனிக்கிழமை ஒன்றுகூடலுக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். வராதவர்கள் வந்தவர்களிடம் கேளுங்கள். வீடியோவும் சுற்றுகிறதாம், ரொறன்ரோவின் ஸ்காபரோ முழுக்க.

நான் மேடையேறியது எங்கள் டிராகன் வள்ளக் குழுவுக்கு ரிக்கெற் விற்க. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் சேர்ந்து துடுப்பு வலிக்கும் நீண்ட போட்டி வள்ளம் அது. ஐந்து நிமிடம் தருகிறோம் என்றார்கள். கிடைத்தது, "கொடிய நோயோடு போராடும் எங்கள் சகோதரி" என்றொரு அறிமுகம், ஒரு பொன்னாடை, எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌனப் பிரார்த்தனை. உயிரோடு நிற்கிறவளுக்கு மௌனம்! அறிவிப்பாளர் அண்ணை அதோடு விட்டாரா? ஒலிவாங்கியிலேயே, "தங்கச்சி, கை வீங்கும், உந்த வள்ளம் வலிக்கிறதை விட்டிட்டு வீட்டில ஆறுதலா இருங்கோ."

அண்ணை, புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணு எடுத்தவள் நான். அதை எடுத்தால் நீர் தேங்கிக் கை வீங்கலாம். கை வீங்கும் கதை எனக்கா தெரியாது? கைக்குக் கடும் வேலை கொடுத்தால் வீங்கும் என்று ஒரு காலத்தில் டொக்டர்மாரே பயந்தார்கள். 1996இல் வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக விளையாட்டு மருத்துவர் டொன் மக்கென்சி அதைச் சோதிக்கத்தான் மார்பகப் புற்றுநோய் கண்ட 24 பெண்களைப் படிப்படியாகப் பழக்கி டிராகன் வள்ளத்தில் ஏற்றினார். பருவம் முடிந்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அவருடைய ஆராய்ச்சி முடிந்தது, பெண்கள் வள்ளத்தை விடவில்லை. நானும் என் டொக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போகிறேன். உங்களைக் கேட்கவில்லை, மன்னிக்கவும்.

நான் நாலாம் வரிசை, இடப்பக்கம். இருபது பேர் வலிக்கிறோம், முன்னால் ஒருத்தி மேளம், பின்னால் ஒருத்தி சுக்கான். முதல் மாதம் தாளம் தப்பித் தப்பி, பக்கத்தில் இருக்கும் பிலிப்பைன்ஸ் அக்காவின் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவ ஏசிப்போட்டா. நல்ல ஏச்சு. நோய் வந்த பிறகு என்னை ஏசிய முதல் ஆள் அவதான். அன்று காருக்குள் இருந்து சந்தோஷத்தில் அழுதேன். பாவம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

உடுப்பு மாற்றும் அறையில் ஒருத்தி தன் சிலிக்கன் மார்பை எடுத்துச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டுச் சீப்புத் தேடுவாள். ஒருவரும் முகத்தைத் திருப்புவதில்லை. என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியை நான் துவாயால் மூடி வைத்திருந்த காலம் அது.

"எங்கட சனம் ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்பீர்கள். செய்தது. கீமோ நாட்களில், விசயம் தெரிந்த நாலு வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்தது. மறக்க மாட்டேன். ஆனால் வாசலோடு வந்தது. மணியை அடித்துவிட்டுக் காருக்குள் ஏறி இருந்து கை காட்டினார்கள். (கொரோனாவுக்கு முன்னம். அந்தச் சாட்டும் வேண்டாம்.) "குமர்ப்பிள்ளை இருக்கு, வெளியில சொல்லாதையுங்கோ" என்றது என் சொந்த மச்சாள். மொட்டைத் தலையோடு, திருப்பதி நேர்த்தி என்று பொய் சொல்லித் திரிந்தேன். பிரசாதம் கேட்டவர்களும் உண்டு.

வெள்ளைக்காரரோடு சேர்ந்து கெட்டுவிட்டேன் என்பவர்கள் ஒருமுறை கரைக்கு வந்து எங்கள் வள்ளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குமேல் அவர்களுக்குப் பதில் இல்லை.

போன வருடம் போட்டி முடிந்ததும் வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இளஞ்சிவப்புக் கார்னேஷன் பூக்களைத் தண்ணீரில் போட்டோம். எங்கள் ஏழாம் வரிசைக்காரிக்கும் ஒரு பூ. மேளம் இல்லை, பேச்சில்லை. அதுவும் மௌனம்தான். ஆனால் அது இறந்தவளுக்கு, அண்ணை. அவள் இருந்தவரைக்கும் அவளோடு சண்டை பிடித்தோம், பகிடி விட்டோம், பிந்தி வந்தால் கத்தினோம்.

ரிக்கெற் ஒன்றும் விற்கவில்லை. செவ்வாய் பின்னேரம் ஆறரைக்குப் பயிற்சி, ஏரித் தண்ணீர் இன்னும் விறைக்கிறது. பொன்னாடை கார் டிக்கியில் கிடக்கிறது. ஈரத் துடுப்பைச் சுற்றி வைக்கத் தோதாக இருக்கிறது.